எல்லைக்கோட்டில் ஒரு புள்ளி

ஸ்வான்சி,
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு ஹெலெத் எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் ஜெர்மனியில் பனி கொட்டுகிறதாம். கம்பளிக் காலுறையை மறக்காதீர்கள்.

உங்கள் மாணவி பெத்தன் தினமும் நம் வீட்டுக்கு வருகிறாள். உங்கள் அறையில்தான் வேலை ஓடுமாம். உங்கள் நாற்காலி, உங்கள் நீலக் கோப்பை. தொலைபேசியில் உங்களோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். என் முறை வரும்போது உங்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

செவ்வாயன்று அவள் அழுதாள். வெள்ளம் எங்கே ஏறும் என்ற கணக்குக்காகக் கணினியில் நம் விரிகுடாவை முக்கோணங்களாக வெட்டினாளே, கரையோரம் பொடிப்பொடியாக, ஆழத்தில் பெரிதாக, அந்த முக்கோண வலை கிழிந்துவிட்டது. கடலைத் துண்டு போட்டு நூறு கணினிகளுக்குப் பங்கிட்டவள், துண்டுகள் சேரும் எல்லையில் அவையவை இஷ்டத்துக்குப் புள்ளி வைக்க விட்டுவிட்டாள். இந்தப் பக்கத்துப் புள்ளிக்கு எதிரே அந்தப் பக்கம் புள்ளியே இல்லை. சேர்த்துப் பார்த்தால் வழி நெடுக ஓட்டை.

நீங்கள் திட்டுவீர்கள் என்று ஆசையோடு கதவோரம் நின்றேன். நீங்களோ தொலைபேசியில் அறையே கேட்கச் சிரித்தீர்கள். "அட அசடு, இதுக்கா அழுவுற? நானும் இதே கூத்தப் பண்ணினவதான். முதல்ல எல்லையில எங்கெங்க புள்ளின்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கட்டும். அப்புறம் ஆளாளுக்கு உள்ள போய் வேலையப் பாக்கட்டும். சரி, சாப்பிட்டியாடி?" என்றீர்கள்.

என்னிடம் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"என்னடி, பச்சை வெங்காயத்தக் கடிச்ச மாதிரி மூஞ்சி? உங்கம்மாவுக்கு நீ ஒருத்திதானே பொண்ணு" என்றார் அப்பா. அதைப் பெத்தனிடம் சொல்லுங்கள் என்றேன்.

அவள் புது வலை அனுப்பினால்தான் நீங்கள் கணக்கை முடித்து ஊர் திரும்ப முடியுமாம். மார்ச் ஒன்று, நம் வேல்ஸ் நாட்டு டேவிட் திருநாளுக்கு வர முடியாமல் போகலாமாம். அன்றுதான் எங்கள் பள்ளிக் கவிதை விழா. புனைபெயரில் ஒரு கவிதை கொடுத்திருக்கிறேன். வென்றவரின் புனைபெயரை அழைத்ததும் அவர் கூட்டத்திலிருந்து எழுந்து நிற்க வேண்டும். அழைப்பது என் பெயராக இருந்தால், நான் எழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? "உங்கம்மாவுக்குப் பதிலா நான் வர்றேன் செல்லம்" என்கிறாள் அவள்!

அவள் வேண்டுமானால் பின்வரிசையில் உட்காரட்டும்.

அம்மா, நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மற்ற நாளெல்லாம் உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், நான் கேட்கவே மாட்டேன். நம் எல்லையில் ஒரே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்: மார்ச் ஒன்று, பள்ளி அரங்கம், என் பக்கத்து நாற்காலி. அதற்கு எதிரே உங்கள் புள்ளியையும் வைத்துவிடுங்கள்.

நாற்காலியில் என் குளிர்கோட்டைப் போட்டு இடம் பிடித்துக் காத்திருக்கப்போகும்,
உங்கள் மகள்
ஹெலெத்