மிஸ்டரா, டாக்டரா

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாயிற்று. வலப்பக்கச் சினைப்பையில் கட்டி, ஆரஞ்சுப் பழ அளவு. டாக்டர் மர்ஜானா தாளில் படம் வரைந்து காட்டினார். வெளியே எடுத்துப் பரிசோதித்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியுமாம். இருபதாம் தேதி அறுவை. தலையாட்டிவிட்டு வந்தேன். வழியில் மறக்காமல் மீன் வாங்கியிருக்கிறேன். எப்படி மறக்காமல் இருந்தேன்?

மார்ச் 6, வியாழன்

அண்ணன் தியாகராஜா வந்திருந்தார். மருத்துவமனைப் பதிவறையில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர்.

"யாரு வெட்டப் போறது?"

"டாக்டர் மர்ஜானா."

"டாக்டரா?" டீயைக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, கத்தி பிடிக்கிறவங்கள அங்க டாக்டர்னு கூப்பிட மாட்டாங்க லா. ஆம்பளைன்னா மிஸ்டர், பொம்பளைன்னா மிஸ். இவங்க பிள்ளைப்பேறு பாக்கிறவங்க. சர்ஜன் இல்ல."

தாதியர் "மிஸ்டர் நூர் வந்துட்டாரு" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மர்ஜானாவை டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

கீழ்த்தளப் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்த்தேன். அறுவை நிபுணர்கள் ஆறு பேர். மர்ஜானா அதில் இல்லை. 'பெண்கள் நோய்' என்ற பத்தியில் இருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியரைக் கணக்குப் பாடத்துக்கு அனுப்புவோமா? மாட்டோம். அவர் நல்லவர்தான், ஆனால் அது அவர் பாடம் இல்லை. அதுபோலத்தான் இதுவும்.

போன் செய்து இருபதாம் தேதியை ரத்து செய்துவிட்டேன். அறுவை நிபுணர் நூர் முகம்மதுவைப் பதினேழாம் தேதி பார்க்கலாமாம்.

சரிதானே செய்தேன்?

மார்ச் 13, வியாழன்

மகள் பிரியந்தி, பிறை ஊரிலுள்ள தன் தொழிற்சாலையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் வெடித்தாள்.

"அம்மா, கட்டி என்ன உங்க ஸ்கூல் பிள்ளையா? நீங்க சொல்ற வரைக்கும் கைகட்டிக் காத்திருக்குமா?"

மாலை முழுவதும் வயிற்றில் கைவைத்தபடியே நடந்துகொண்டிருந்தேன் — கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

மிஸ்டர் நூர் நோன்புக் களைப்பிலும் பொறுமையாகக் கேட்டார். நன்றாகத் தமிழ் பேசினார். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"டீச்சர், அவங்களும் மிஸ்தான். ஆனா மிஸ்னு கூப்பிட்டா கோபம் வரும். ஸ்கூல்ல டீச்சரைக் கூப்பிடுற மாதிரி இருக்காம்!"

"அப்படின்னா அவங்க சர்ஜனா, இல்லையா?"

"பிரசவம் பாப்பாங்க, மாத்திரை கொடுப்பாங்க, வெட்டவும் செய்வாங்க. போன மாசம் ஒரு அம்மாவுக்குக் குடல்ல கோளாறுன்னு நான் வயித்தைத் திறந்தேன். உள்ள பார்த்தா சினைப்பைல கோளாறு. யாரைக் கூப்பிட்டேன்? அவங்களத்தான். அந்த இடம் அவங்க கைக்குப் பழக்கம். ஆமா, நீங்க என்ன பாடம் எடுத்தீங்க?"

"கணக்கு..." என்றேன். சொல்லும்போதே சுருக்கென்றது. கணக்கோடு பதினொரு வருடம் விளையாட்டும் நான்தானே எடுத்தேன்!

மார்ச் 18, செவ்வாய்

மர்ஜானாவிடமே திரும்பத் தேதி கேட்டேன். என் இருபதாம் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் பெருநாள் விடுமுறை. இனி ஏப்ரல் பத்து.

இருபத்தொரு நாள் தாமதம். அண்ணன்மீது கோபம் வந்தது. ஆனால் போனை எடுத்து ரத்து செய்தது யார்? நான்தானே.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். எதிர்வீட்டு ஜெயலெட்சுமி ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். பாதிகூட இறங்கவில்லை. வலப்பக்கம் இழுப்பது நிஜமா, என் நினைப்பா?

ஏப்ரல் 9, புதன்

சேர்ந்துவிட்டேன். படுக்கை பதினான்கு. நாளைக் காலை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. கட்டி குடலோடு ஒட்டியிருந்ததாம். மர்ஜானா மிஸ்டர் நூரை அழைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து பிரித்திருக்கிறார்கள். பிறகு மர்ஜானாவே எல்லாவற்றையும் முடித்திருக்கிறார்.

"இருபதாம் தேதியே செய்திருந்தால் ஒட்டியிருக்காதா?" என்று கேட்டேன்.

தெரியாது என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாமல் விட்டதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

அண்ணன் பழம் வாங்கி வந்தார். "கடைசில வெட்டுனது மிஸ்டரா, டாக்டரா?"

"நான் தூங்கிட்டேன் அண்ணே."

சிரித்தால் தையல் இழுக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

புற்று இல்லை.

பரிசோதனை முடிவுத் தாளை மூன்று முறை படித்தேன். நான் ஏன் தேதியை ரத்து செய்தேன் என்பதை மர்ஜானாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கட்டைப் பிரித்து, தையலைப் பார்த்து, இனி மூடவேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று முதல்முறையாக நானும் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே ஒரே கோடு, இம்மியும் சாயாமல் இறங்குகிறது. முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் அடிமட்டம் இல்லாமல் கோடு போட்டவள் நான். என் கோடுகள் ஒன்றுகூட இவ்வளவு நேராக வந்ததில்லை.

அண்ணனுக்கு இதைக் காட்டவேண்டும். காட்டத்தான் முடியாது.