பெருக்காத வாசல்

பங்குனி 10, செவ்வாய். வில்லாபுரம்.

காலையில் கடைக்குப் போகும்போது பார்த்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வாசல் முழுக்க வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. ஒரு காலடிகூடப் படவில்லை. அவ்வளவு அழகு. நின்று போட்டோ எடுத்து, 'வேம்பு பூத்தாச்சு' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போனேன்.

டீச்சர் தனியாக இருப்பவர். ஆறு மணிக்கெல்லாம் வாசல் பெருக்கிவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பூவைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் தண்ணீர் கேன் போட வந்த முருகன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா, ஓடியாங்க! டீச்சர் கீழ விழுந்து கெடக்காக!"

கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். விடியற்காலையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலே எழும்பவில்லை.

"காலையில வாசல்ல வந்து நின்னது நீதான? செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டேனேம்மா."

எனக்குக் குயில் கூவியதுதான் கேட்டது.

இப்போதுதான் போனில் முழுப் படத்தையும் திறந்து பார்த்தேன். படியில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடக்கிறது. பூவின் அழகைக் கெடுக்கிறதென்று, அதை வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறேன்.