சாலை கடப்பவர்களைப் பார்க்கும் வேலை

3 மார்ச் 2025, திங்கள்
மருத்துவ உளவியல் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. 14ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா அதற்குள் எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. லிஃப்டில் பூவம்மா ஆன்ட்டி, "டாக்டரம்மா, எம் மருமக ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறா?" என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்!

5 மார்ச்
ஆலோசனை மையத்தில் பயிற்சி எடுத்தபோது, எதிரே ஒருவர் அழுதால் எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். கல்நெஞ்சா? இல்லை. அவரை அழவைத்தது எதுவோ, அதைப் போய்ச் சரிசெய்யக் கை பரபரக்கும். உட்கார்ந்து கேட்கும் பொறுமை எனக்கில்லை. இப்போது பார்க்கும் தற்காலிக வேலையில், மக்கள் ஏன் ஆபத்தாகச் சாலையைக் கடக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் நேரம் போவதே தெரிவதில்லை.

9 மார்ச், ஞாயிறு
சிராங்கூன் சாலை. கழுத்தில் அலுவலக அடையாள பாஸ், கையில் கேள்வித்தாள். குறுக்கே ஓடிவந்தவரே, "நான் எப்பவும் பச்சை விளக்குலதான் போவேன், மேடம்" என்று சாதித்தார். எல்லாரும் அதே பல்லவி. மேலாளர் சம்சுன்னிசா விழுந்து விழுந்து சிரித்தார். "பாஸைக் கழட்டு லா! நீ சம்மன் போட வந்திருக்கேன்னு பயப்படறாங்க."
கழற்றிவிட்டு, ஒரு கப் தே வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். புரிந்துவிட்டது! லீவு நாளில் நண்பர்களைப் பார்க்க வரும் தொழிலாளர்களுக்கு நிற்க இடமில்லை. நடைபாதையிலேயே நிற்கிறார்கள். பின்னால் வருபவர்கள் வழியில்லாமல் சாலையில் இறங்குகிறார்கள், இறங்கியவர்கள் அப்படியே கடந்துவிடுகிறார்கள். அவசரம் காரணமே இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

14 மார்ச்
படிப்பு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இந்த வேலையே நிரந்தரமாகிறது.
அம்மா கத்தினார். "ரோட்டுல நிக்கவாடி நாலு வருஷம் படிச்சே? கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"
அழுகையா வருது. தப்புப் பண்ணிட்டேனா?

16 மார்ச்
நான் வந்ததும் அம்மா அறைக்குள் போய்விட்டார். சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது.

23 மார்ச், ஞாயிறு
கோயிலுக்கு வந்த சாக்கில் அம்மா நான் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். என்ன பார்க்கிறாய் என்றார். சொன்னேன். நம்பாத முகத்தோடு பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் என் கையை இடித்து, "அங்க பாரு, நாலு பேர் இறங்கிட்டாங்க" என்றார்.
கோயிலில் பழக்கமான வள்ளிநாயகி ஆன்ட்டி எங்கள் முன்னால் வந்து நின்றார். "மக டாக்டருக்குப் படிக்கப்போறான்னீங்க, இங்க என்ன பண்றா?"
அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"வேலை பாக்குறா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவளுக்கு மறைக்குது."