பள்ளம் விழுந்த கட்டில்

14-11-68, வியாழன்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கோர்ட்டில் டைப் அடிக்கிற என் வீட்டுக்காரரை இன்று இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நாற்காலியை விட்டு எழ முடியவில்லையாம்.

டாக்டர் முதலில் கேட்டது, "எதுல படுக்குறாரு?"

நாடாக் கட்டில். நைனா எனக்குக் கொடுத்த சீர். நடுவில் தூளி மாதிரி தொங்கும்.

டாக்டர் சொன்னவை: கட்டில் கூடாது. தரையில் பாய், மேலே மடித்த ஜமக்காளம். மல்லாந்தால் முட்டிக்கு அடியில் தலையணை. ஒருக்களித்தால் முட்டிகளுக்கு நடுவில். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, மெதுவாக.

எனக்கு வேறு கவலை. ஆவணியில்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. பகலில் இவர் என்னிடம் பேசுவதெல்லாம் "காபி", "குடை". அந்தப் பள்ளம்தான் எங்களை ஒன்றாக உருட்டிவிடும். இரண்டு பேருக்கும் வெட்கம், பழி கட்டில் மேல். இனி?

16-11, சனி
சீயக்காய் அரைக்க. விளக்குத் திரி.

விடியற்காலைக் கனவு. பழவேற்காடு ஏரியில் கட்டில் மிதக்கிறது, மேலே நான் மட்டும். இவர் கரையில் நின்று குடை கேட்கிறார். கொடுக்கக் கை எட்டவில்லை. விழித்தும் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். மழைதான்.

மாமியார் பாயைப் பார்த்துவிட்டார். "இன்னாடீ, எம்புள்ளைய தரையில தள்ளிட்டு நீ மேல பட்துக்கினு கீற?"

டாக்டர் சொன்னார் என்றேன்.

"முதுவு வலின்னா மெத்தை போடச் சொல்லுவாங்களா, தரையில போடச் சொல்லுவாங்களா? ரெண்டு பேரும் இன்னா சண்டை?"

19-11, செவ்வாய்
வெயில். பொதட்டூர்பேட்டையிலிருந்து நைனா வந்தார். பஸ் மேலே இலவம்பஞ்சு மெத்தை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தரையில் படுக்கிறார் என்று மாமியார் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பாவம், நைனாவுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் இன்னா கொறை வெச்சேன் மாப்ளே?"

மாமனார் எதிரில் இவருக்கு வாய் வராது. "ஒண்ணுமில்ல மாமா" என்று கட்டிலில் மெத்தையைப் போட்டு ஏறிப் படுத்தார். இறங்கவே இல்லை.

20-11, புதன்
காலையில் இவரால் திரும்பக்கூட முடியவில்லை. கண்ணோரம் ஈரம். நைனா தைலம் தேடுகிறார், மாமியார் திருநீறு பூசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெத்தைய எடுத்துக்கினு போ நைனா. ஒங்க மரியாதைக்கு அவரு முதுவ ஒடிக்காதீங்க. இனிமே நானும் கீழதான் படுக்கப் போறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நைனா வாசல் பக்கம் போய்விட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா கோபமா, தெரியவில்லை. இவர் என்னையே பார்த்தபடி.

24-11, ஞாயிறு
வலி பரவாயில்லை. மத்தியானம் மறுபடி மழை, வீடெல்லாம் அரைத்தூக்கம். இவர் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்தார். தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்தார். கூடத்தில் மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவர் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"வா சரசு. படு."

என் பெயர். இவர் வாயால் முதல் தடவை.

தரை சமமாக இருந்தது. நானே நகர்ந்து போனேன்.