புழுக்கள் சுவரேறிய வாரம்

ஐப்பசி 5, திங்கள்

விடியும்போதே தூறல். கசடுத் தொட்டியில் மூங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. விடுதிப் பிள்ளைகளின் கழிவுநீர் சுத்தமானபின் மிஞ்சும் சேறெல்லாம் இதில்தான். வளைவில் மண் சரிவு. கசடு அள்ளுகிற லாரி மலை ஏறாது. டிரைவர் போனில், "ரோடு சரியானாத்தானுங்க. இப்பத்திக்கு நம்பாதீங்க."

கீழே நல்லசாமி அண்ணன் காடு, மிளகுத் தோட்டம். அவர் வீட்டார் குடிக்கிற ஊற்றும் அங்கேதான். போன மழையில் தொட்டி வழிந்து அவருடைய மிளகுக்கொடி வரை போனது. "இன்னொருக்கா வந்துச்சுன்னா உங்க கழிவுக் குழாயக் கல்லு வெச்சு அடைச்சுப்போடுவேன்" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயம்.

அதற்காகத்தான் புழுத்தொட்டி கட்டினோம். அடியில் ஜல்லி, மேலே மணல், அதன்மேல் மரச்சீவல், அதற்குள் மண்புழு. கசடை ஊற்றினால் தின்றுவிடும். தண்ணீர் வடிந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கே திரும்பும். கட்டித் தந்த இன்ஜினியர் சொல்லிப் போனது: "தோசை மாவாட்டம் மெல்லுசா ஊத்துங்க."

இன்று பயத்தில் புழுத்தொட்டிக்குக் கசடு விடும் வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

6, செவ்வாய்

தூறல் நின்றது. பனி மட்டும்.

புழுக்கள் கொத்துக்கொத்தாகச் சுவரேறி நிற்கின்றன. தரையில் விழுந்து செத்தவை நிறைய. நாற்றம். கிளறினால் அடியெல்லாம் கறுப்பு. காற்றே போகாமல் மூச்சுமுட்டியிருக்கிறது.

வார்டன் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாச்சு சாந்தி?"

"வெயிலே இல்லைங்களே, அதானுங்க." பொய்.

செய்தது: வால்வு அடைப்பு. மேல் கசடை வழித்து வாளிகளில், மூடி போட்டு. நல்ல தண்ணீர் தெளிப்பு. கசடுத் தொட்டிமேல் தார்ப்பாய். இன்ஜினியருக்குப் போன் - போடவில்லை. வேலை போய்விடும் என்றா, வெட்கமா? இரண்டும்.

7, புதன்

மேகம் கூடுகிறது. புழு பாதிகூட மிச்சமில்லை.

நல்லசாமி அண்ணன் வீட்டுக்கு இறங்கிப் போனேன். மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். அளவு மீறி ஊத்தி புழுவச் சாவடிச்சுட்டேன். மழ வந்தா மறுபடி வழிஞ்சாலும் வழியுமுங்க."

உரித்துக்கொண்டே இருந்தார். "ஊத்து கெட்டுப்போச்சுன்னா நாங்க எங்க போவோம்னு நெனச்சீங்களா?"

"அத நெனச்சுத்தானுங்க அவசரப்பட்டேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத்தானுங்க மொதல்ல."

கத்தியைக் கீழே வைத்தார். "நம்ம சாணிக்குழில செவப்புப் புழு கெடக்குது அம்மிணி. வேணுங்கறத அள்ளிக்கோங்க."

மூன்று கூடை. ஒன்றை அவரே சுமந்து வந்தார். புழுத்தொட்டியைப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. எட்டிப் பார்த்து, "இதுங்களா அத்தனையும் தின்னும்?"

"பொறுமையாக் குடுத்தாத் தின்னுமுங்க."

9, வெள்ளி

பகல் முழுக்க மழை. தார்ப்பாய் இரண்டு முறை காற்றில் தூக்கியது. கல் வைத்தேன். விளிம்புக்கு நாலு விரல். பிறகு மூன்று. அத்தோடு நின்றது. ஓய்ந்ததும் ஊற்று வரை நடந்தேன். தெளிந்த தண்ணீர். அடியில் கூழாங்கல் தெரிந்தது. ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, எதற்கென்றே தெரியாமல்.

12, திங்கள்

சுவரில் ஒரு புழுகூட இல்லை. எல்லாம் உள்ளே. வால்வு கால் திருப்பு மட்டும். கை இன்னும் திறக்கச் சொல்கிறது. திறக்கவில்லை.

சோப்பு, பினாயில் வாங்க வேண்டும். செருப்பு வார் அறுந்தது.

27, செவ்வாய்

நல்ல வெயில். குச்சி விட்டேன்: விளிம்புக்கு இரண்டு சாணுக்கு மேல் காலி. லாரி இன்னும் வரவே இல்லை; எல்லாம் புழுக்கள் தின்றதுதான். நாற்றம் போய்விட்டது.

காலையில் வார்டன் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு இன்ஜினியருக்குப் போன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணுமுங்க."

"ஆமாங்க சார்."

வேலை போனது என்றே நினைத்தேன்.

"புழு இப்ப எப்பிடி?"

"முட்டை வெச்சிருக்குதுங்க."

"சரி. அப்ப நீங்களே பாத்துக்கோங்க."

மத்தியானம் சாமைச்சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.