உரல் நட்ட பூமி

அன்புள்ள அண்ணி,

இன்று காலை கொத்தனார் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டார். "வேற எது சொன்னாலும் செய்யறேம்மா. நட்ட ஒரலைப் புடுங்கச் சொல்லாதீங்க. குடி கலைஞ்சிடும்" என்றார். பின்பக்கம் ஓர் அறை எடுத்து சிமெண்டுத் தளம் போடவேண்டும் என்று உங்கள் தம்பி மகன், என் பிள்ளைதான், ஒற்றைக்காலில் நிற்கிறான். அறை வரும் இடத்தில் நட்டநடுவாக உங்கள் கல்லுரல். கொத்தனார் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்படி யாரும் என்னைச் சிரிக்க வைக்கவில்லை.

நாத்தனாரையும் தம்பி பெண்டாட்டியையும் ஒரே கூரையில் வைத்தால் கூரை பற்றிக்கொள்ளும் என்று ஊரில் கேலி செய்வார்கள். நமக்குப் பற்றிக்கொள்ளக் கூரையே இல்லாமல் போன கதை அவர்களுக்கு எங்கே தெரியும்!

நான் கல்யாணமாகி வந்தபோது நீங்கள் தம்பி வீட்டில் ஒரு மூலையில் இருந்தீர்கள். ரங்கூனில் கணவரைப் பறிகொடுத்து, உலக யுத்தத்தில் ஊர் பற்றி எரிந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு, காடு மலை எல்லாம் நடந்தே வந்து சேர்ந்தவர். கொண்டுவந்த சொத்து அந்த வீட்டின் பித்தளைச் சாவி ஒன்றுதான். அது எப்போதும் உங்கள் முந்தானை முடிச்சில் இருக்கும். இனி எதற்கு அது என்று ஒருமுறை கேட்டேன். "வேற எந்த வூட்டுக்கு என்கிட்ட சாவி இருக்குது, சொல்லு?" என்றீர்கள். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

ஆந்திரா தனி மாநிலமாகி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மலையடிவாரத்துப் புறம்போக்கை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் புத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தீர்கள். முள்ளும் கள்ளியும் மண்டிய மூன்று ஏக்கர் கிடைத்தது. மூன்று வருஷத்துக்குள் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், அந்த நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்; இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தம்பிக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. "எல்லைத் தகராறு முடியட்டும்க்கா. நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் போய்ட்டா இந்தக் காகிதம் செல்லாது" என்றார். நிலம் வாங்கிய மற்றவர்களும் அதையே சொல்லி மண்வெட்டியைச் சாத்தி வைத்தார்கள்.

நீங்கள் மட்டும் சொன்னீர்கள்: "எந்தப் பக்கம் போனா இன்னா? பூமி எழுந்து நடந்துக்கினு போயிடுமா?"

ஆகவே நாம் இருவரும் போனோம். வீட்டுக்கு இடம் பார்க்க ஊர் வழக்கப்படி ஒரு பசுவை அவிழ்த்து விட்டீர்கள். பசு படுக்கும் இடம் வீட்டுக்கு ராசி. அது நிலமெல்லாம் சுற்றிவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் போய் சுகமாகப் படுத்தது. அங்கேயே உரலை நட்டு, அதைச் சுற்றிக் குடிசை போட்டோம். முள் குத்தி என் கால் சீழ் பிடித்தது. உங்கள் கை இரண்டும் காய்த்துப்போனது. மூன்றாம் வருஷம் கம்பும் வேர்க்கடலையும் முழங்கால் உயரம் நின்றன. நின்று பார்க்கையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் வந்தது வினை. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார் என்று தகவல். செவ்வாயன்று மிச்சமிருந்த கள்ளியை வெட்டும்போது என் அரிவாள் சர்வே கல்லில் பட்டது. ஓடிப்போய் அடுத்த கல்லையும் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டிப் பார்த்தோம். பயிர் உள்ளே, வீடு வெளியே! வேப்பமரமும் குடிசையும் நாற்பதடி தள்ளி அடுத்த நம்பரில் இருந்தன.

"பசுவுக்கு இன்னா தெரியும் சர்வே நம்பரு? அது நெழலப் பாத்துப் படுத்துக்கிச்சு" என்று நான் எரிந்து விழுந்தேன். நீங்கள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு குடிசைப் பக்கம் நடந்தீர்கள்.

மறுநாள் குடிசையைப் பிரித்துக் கம்பங்களை உள்ளே கொண்டுவந்து நட்டோம். பழைய ஓலை பிரிக்கும்போதே பொடியாகிவிட்டது. புது ஓலைக்கு அவகாசம் இல்லை. உரலுக்கு வந்ததும் நீங்கள் பின்வாங்கிவிட்டீர்கள். "வாணாம்மே. ரங்கூன்ல வேற வூட்டுக்கு மாறும்போது நட்ட ஒரல நான்தான் புடுங்கச் சொன்னேன். ஆறு மாசத்துல அவரு போய்ட்டாரு" என்றீர்கள். உரல் இல்லாத வீட்டை வீடு என்று யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நிலம் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன், அண்ணி. சத்தியமாக நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்து நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது, வேப்பமரத்தடியில் கடப்பாரைச் சத்தம். உரலைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டியிருந்தீர்கள்.

"அங்க புடுங்குனது வாடகை வூட்டுக்கு. இங்க நடப்போறது என் பேருல இருக்கற பூமியில. வா, ஒரு கை புடி" என்றீர்கள்.

உருட்டுக் கட்டைகளை அடியில் கொடுத்து நாற்பதடி தள்ளிக்கொண்டு வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. புதுக் குழியில் இறக்கும் முன் என்னை ஒரு சொம்பு தண்ணீருக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது குழியில் கொஞ்சம் மண் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தீர்கள். அதன்மேல் உரலை இறக்கினோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பயிரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கூரையில்லாத நாலு கம்பங்களைப் பார்த்து, "இல்லு எக்கடம்மா?" என்று வீட்டைக் கேட்டார். நீங்கள் கம்பு குத்துவதை நிறுத்தவே இல்லை. உலக்கை ஏறி இறங்க, நடுவே பதில் சொன்னீர்கள்: "ரோலு உன்ன சோட்டே இல்லு சார்." உரல் இருக்கும் இடம்தான் வீடு என்று. ரங்கூனில் பர்மியம் பேசிய வாய்க்குத் தெலுங்கு எம்மாத்திரம்!

அவர் குனிந்து, காலால் தொடாமல், இரண்டு கையாலும் உரலை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கூரையை மழைக்கு முன்னால் போட்டுவிடும்படி சொல்லிவிட்டு, காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

பட்டா உங்கள் பெயருக்கு வந்தது. பிறகு எல்லையும் ஒருவழியாக முடிவானது. சில ஊர்கள் மெட்ராஸ் பக்கம் போயின. நம் ஊர் இங்கேயே நின்றது. பூமி நடந்து போகவில்லை, அண்ணி. இப்போது அதில் மாமரங்கள். போகிற வருகிறவர்களிடம் "என் நாத்தனார் வெட்டின காடு இது" என்று நான் சொல்லிச் சொல்லி உங்கள் தம்பிக்கே அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

இன்று கொத்தனாரிடம் சொன்னேன்: "இது ஒரு தடவை ஏற்கெனவே எடம் மாறின ஒரலுய்யா. ஒண்ணும் ஆவாது." கடப்பாரையை வாங்கி முதல் குத்தை நானே போட்டேன். அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு வெட்கம், வந்து கைகொடுத்தார்.

உரல் வெளியே வந்ததும் அவர் அடிமண்ணைக் கிளறி எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். களிம்பேறிப் பச்சையாகிப்போன பித்தளைச் சாவி. அந்த வருஷத்துக்குப் பிறகு உங்கள் முந்தானை முடிச்சு வெறுமையாக இருந்ததைப் பார்த்தும் நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொத்தனார் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"எந்தப் பூட்டு சாவிம்மா?" என்றார். "எங்க அண்ணி வேணாம்னு போட்டது" என்றேன்.

வாசல் பக்கம் புதுக் குழி தோண்டச் சொல்லி, சாவியை நானே அடியில் வைத்து மண் தள்ளினேன். அதன்மேல் உரலை இறக்கினோம். மண் இறுகட்டும் என்று மிதித்துவிட்டு, இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை, அண்ணி.