அமலோற்பவத்துக்கு அடுத்த பெயர்

பங்குத்தந்தை இல்லம்,
கடலூர்.
5.11.2024

அன்புள்ள பிலவேந்திரன் ஐயாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு. நான் உங்கள் புதிய பங்குத்தந்தை. ஜூன் மாதம் வந்தேன். வீடு வீடாகப் போய் எல்லோரையும் அறிமுகம் செய்துகொண்டு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தும் கதவு பூட்டியிருந்ததால் திரும்பிவிட்டேன். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர் என்றார்கள். அதனால் தபாலிலேயே வருகிறேன்.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள் திருப்பலியில், ஒவ்வொரு குடும்பமும் எழுதிப் பெட்டியில் போட்டிருந்த இறந்தோர் பெயர்களை வாசித்தேன். உங்கள் தாளில் இரண்டு பெயர்கள்: உங்கள் மனைவி அமலோற்பவம், அடுத்து மகள் வினோதினி. அவ்வளவு அழகான கையெழுத்தை நான் அண்மையில் பார்த்ததில்லை. மனைவியும் மகளும் இல்லாத வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து மாதமாகத் தெரியாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

திருப்பலி முடிந்து கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது அமலோற்பவம் அம்மாவின் கல்லறையைப் பார்த்தேன். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது, உங்களைக் காணவில்லை. மகளுடைய கல்லறை எது என்று உபதேசியாரைக் கேட்டேன். அவர் தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். எந்த வரிசை என்று எழுதினால் தனியாக வந்து மந்திரித்துவிடுகிறேன்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
அ. இளவரசு


கடலூர்,
9.11.2024

மரியாதைக்குரிய சாமிக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். கடிதம் கிடைத்தது. நீங்கள் வந்த இரண்டு முறையும் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். புதுச் சாமியார் வந்தால் குடும்பத்தில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான்.

கல்லறை தேடி அலைய வேண்டாம். வினோதினி சிதம்பரத்தில் உயிரோடு இருக்கிறாள். புருஷன் கார்த்திகேசன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஒரு பெண் குழந்தை இருப்பதாகக் கேள்வி.

ஊர் பூராவுக்கும் கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். என் மகள் கல்யாணம் எனக்கு மஞ்சக்குப்பத்து டீக்கடையில்தான் தெரியவந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கவில்லை, சாமியார் ஆசீர்வாதம் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸில் இரண்டு கையெழுத்து. அடுத்த வருடமே அவள் அம்மா போய்விட்டாள். "ஒரே ஒரு தடவ அம்மா மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேம்ப்பா" என்று வாசலில் நின்று அழுதாள். நான் விடவில்லை. "எம்பொண்ணு செத்துப்போயி ஒரு வருஷம் ஆவுது" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்ன வாய்க்கு ஏற்றபடி, அந்த நவம்பரில் அமலோற்பவம் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.

உங்களுக்கு முன் இருந்த பெரிய சாமி அதை வாசிக்கவில்லை. அமலோற்பவம் என்று சொன்னார், ஒரு நொடி நிறுத்தினார், அடுத்த வீட்டுத் தாளுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன் சாமி. அவர் இருந்த ஆறு வருடமும் எழுதினேன், ஆறு வருடமும் அவர் தாண்டிப் போனார். வாசிக்கமாட்டார் என்று தெரிந்துதான் எழுதினேன். அவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை. மாற்றலாகிப் போகும்போது உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நீங்கள் வாசித்துவிட்டீர்கள். மைக்கில், நிறுத்தி நிதானமாக. பாதிப் பூசையிலேயே எழுந்து வந்துவிட்டேன். எழுதியவன் நான், உங்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் கோபமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
சூ. பிலவேந்திரன்


பங்குத்தந்தை இல்லம்,
14.11.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

என்னை மன்னியுங்கள். ஒரு பெயரை இறந்தவர் பெயராக வாசிக்கும் முன் அந்த வீட்டை அறிந்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. அன்று கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண், ஐந்து வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஃபாதர், பிலவேந்திரன் வீட்டுப் பேப்பர ஒருவாட்டி பாக்கலாமா?" என்றாள். உறவாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "கையெழுத்து அப்டியே இருக்கு" என்றாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள் கடிதம் வந்ததும் கல்லறை வாசலில் பூ விற்கும் இருசம்மாளைக் கேட்டேன். "சிதம்பரத்துப் பொண்ணு சாமி. வருஷா வருஷம் வரும். அவுங்க அம்மாவுக்குச் சாமந்தி வாங்கும். பூச முடியிற வரைக்கும் கூட்டத்துக்குப் பின்னாலயே நிக்கும். அப்பா கெளம்புனப்புறம்தான் கல்லறகிட்ட போவும்" என்றாள்.

ஐயா, அவள் காதிலேயே விழுந்துவிட்டது. போய்ப் பாருங்கள். தாமதிக்க வேண்டாம். நீங்கள் விரும்பினால் நானும் துணைக்கு வருகிறேன்.

உங்கள்,
அ. இளவரசு


கடலூர்,
19.11.2024

அன்புள்ள சாமிக்கு,

தோத்திரம். ஞாயிறு பூசைக்கு வரவில்லை, சிதம்பரம் போயிருந்தேன். உங்களைக் கூப்பிடாமல் போனதற்கு வருத்தப்பட வேண்டாம். நான் செய்ததற்கு நான்தான் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

பேத்திக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. பெயரே தெரியாது. ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்தவள், "வாங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. நாற்காலி போட்டாள். காபி கொடுத்தாள். மருமகன் கடைக்குப் போயிருந்தார். குழந்தை என்னைக் காட்டி, "யாரும்மா இவரு?" என்று கேட்டது. "கடலூர்லேர்ந்து வந்துருக்காரு" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. "ஆறு வருஷமா எழுதிப் போட்டேன், ஒருவாட்டிகூட பெரிய சாமி வாசிக்கல. இந்தச் சாமி புதுசு, தெரியாம வாசிச்சிட்டாரு" என்றேன். என் பக்கம் நியாயம் சொல்வதாக நினைப்பு. இந்த ஒரு வருடம்தான் எழுதினேன் என்று அவள் நினைத்திருந்தாள் சாமி. நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "அம்மா மொகத்தப் பாக்க உடல. கோவத்துல பண்ணாருன்னு மனச தேத்திக்கிட்டேன். வருஷா வருஷம் உக்காந்து, அவ்ளோ அழகா எழுதிருக்கீங்களே, அது எப்டி கோவமாவும்?" என்றாள். நான் எழுந்துவிட்டேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "இனிமே நான் அங்க வரல. நீங்களும் இங்க வராதீங்க. அம்மாவ நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

பஸ்ஸில் வரும்போது ஒரே நினைப்பு. பெரிய சாமி அவள் பெயரை வாசித்துவிடுவாரோ என்று ஆறு வருடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
சூ. பிலவேந்திரன்